முதல் பேடில் போர்டு பயணம்: லகூனில் இறங்கும் முன் காற்றைப் பாருங்கள்

கேள்வி இது: "அண்ணா, மதுரையிலிருந்து மொரீஷியஸ் வந்து எபேனில் வேலை பார்க்கிறேன். ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி, மகளோடு ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் போய், முதன்முறையாக, நின்றபடி துடுப்பு போட்டு ஓட்டும் ஸ்டாண்ட் அப் பேடில் போர்டு ஏறிப் பார்க்கலாம் என்று இருக்கிறோம். மேற்குக் கரையில் அலையே இருக்காது, பயமில்லை என்கிறார்கள். எனக்கு நீச்சல் சுமார், மனைவிக்கு அவ்வளவாகத் தெரியாது. நின்று பழக எவ்வளவு நேரம் ஆகும்? சொந்தப் பலகை வாங்கிவிடலாமா? என்ன உடுத்துவது, என்ன எடுத்துப்போவது? சுறா பயம் உண்டா? ஆறு வயது மகளை முன்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போகலாமா?"

தம்பி, நிற்பதைப் பற்றிக் கவலையே வேண்டாம். அகலமான பலகை, நெஞ்சளவுத் தண்ணீர், காற்று குறைந்த காலை, இவை மூன்றும் அமைந்தால் பெரும்பாலானவர்கள் முதல் ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நின்று நாலு துடுப்பு போட்டுவிடுவார்கள். நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்தியது ஒரு வரிதான்: அலை இருக்காது, அதனால் பயமில்லை என்பது. அலை இல்லை என்பது உண்மை. ஆனால் அந்தக் கரையில் தண்ணீர் ஏன் அவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டால், பயணத்துக்கான ஏற்பாட்டில் பாதி முடிந்த மாதிரி.

மொரீஷியஸில் ஆண்டின் பெரும்பகுதி தென்கிழக்கு வியாபாரக் காற்று அடிக்கிறது. மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை அது வலுக்கும். ஜூலை, ஆகஸ்டில் 15 முதல் 20 நாட் வரை நாள் கணக்கில் ஓயாமல் வீசுவது சாதாரணம். ஒரு நாட் என்பது மணிக்கு ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர். அதாவது மணிக்கு 28 கிலோமீட்டருக்குக் குறையாத காற்று. இது தீவின் கிழக்குக் கரையில், பெல் மார், ட்ரூ தோ தூஸ் பக்கம், கடலிலிருந்து கரையை நோக்கி அடிக்கும். மேற்கிலும் வடமேற்கிலும், ஃப்ளிக் ஆன் ஃப்ளாக், ட்ரூ ஓ பிஷ் போன்ற இடங்களில், அதே காற்று தீவைத் தாண்டி வந்து கரையிலிருந்து கடலை நோக்கித் தள்ளும். கரையோரத்தில் அது தண்ணீரைக் கலக்க இடமே இல்லை. சவுக்கு மரங்கள் வேறு மறைத்து நிற்கின்றன. மணலில் நிற்கிற உங்களுக்குக் காற்றே தெரியாது. நூறு, இருநூறு மீட்டர் உள்ளே போனதும் முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளுவது தெரியும். அப்போதும் பயம் வராது, காரணம் பயணம் சுகமாக இருக்கும். துடுப்பு போடாமலே பலகை ஓடும். திரும்பும்போதுதான் கணக்கு புரியும்.

அந்தக் கணக்கைப் பார்த்துவிடுவோம். புதிதாகப் பழகுபவர் அமைதியான நீரில் மணிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் போவார். காற்று பின்னாலிருந்து தள்ளினால் அதுவே ஐந்து ஆகலாம். எதிர்த்து வரும்போது இரண்டுக்கும் கீழே இறங்கலாம். ஐந்து வேகத்தில் கால் மணி நேரம் போன தூரத்தை இரண்டு வேகத்தில் திரும்பி வர ஏறத்தாழ நாற்பது நிமிடம் தேவைப்படும், அதுவும் களைத்த தோளோடு. நின்றுகொண்டிருக்கும் ஆள் ஒரு படகுப் பாயாகவே வேலை செய்வார் என்பதால், 15 நாட் காற்றில் புதியவரால் நின்றபடி எதிர்த்து வரவே முடியாமல் போகலாம். மேற்கே லகூனை, அதாவது கரைக்கும் பவளப்பாறைக்கும் நடுவே இருக்கும் ஆழமில்லாத நீரை, தாண்டி வெளியே தள்ளப்பட்டால் அடுத்த கரை பக்கத்துத் தீவான ரீயூனியன், ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர் தள்ளி.

ஆகவே உங்கள் திட்டத்தில் முதல் மாற்றம்: எந்த நாள் என்று முன்கூட்டியே முடிவு செய்யாதீர்கள். ஞாயிறு என்று குறித்துவிட்டு, காற்று எப்படி இருந்தாலும் போய்த்தான் தீருவது என்று இருந்தால் ஆகஸ்டில் தோற்பீர்கள். இரண்டு மூன்று வார இறுதிகளைத் தயாராக வைத்துக்கொண்டு, வாக்குவாவில் இருக்கும் வானிலை நிலையத்தின் அறிக்கையையும், விண்டி அல்லது விண்ட்குரு செயலியையும் முந்தின நாள் மாலை பாருங்கள். விண்ட்குருவைக் கைட் சர்ஃபிங் (பட்டம் இழுக்கப் பலகையில் ஓடும் விளையாட்டு) ஆட்கள் காற்று எப்போது ஏறும் என்று பார்க்கத் திறப்பார்கள். நீங்கள் அதையே தலைகீழாகப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். சராசரிக் காற்றோடு திடீர் வீச்சு எவ்வளவு என்று தனியாக ஓர் எண் இருக்கும். முதல் பயணத்துக்கு அந்த இரண்டாவது எண்ணே பத்துக்குள் இருக்க வேண்டும் என்பது என் அளவுகோல். சராசரி எட்டு, வீச்சு பதினெட்டு என்றிருந்தால் வீட்டிலேயே இருந்து ஃபராத்தா சுட்டுச் சாப்பிடுங்கள்.

நேரமும் முக்கியம். விடிந்ததிலிருந்து ஒன்பதரை, பத்து வரைதான் காற்று பொதுவாகத் தணிந்திருக்கும். வெயில் ஏற ஏற அதுவும் ஏறும். ஆகஸ்டில் விடியவே ஆறரை ஆகிவிடுவதால், ஏழு மணிக்குப் பலகை தண்ணீரில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே நம் ஆட்களின் ஞாயிற்றுக்கிழமை வேறு மாதிரி: பத்து மணிக்குக் கிளம்பி, சவுக்குத் தோப்பில் பாய் விரித்து, பிரியாணிச் சட்டியைத் திறந்து, மூன்று மணிக்கு "இப்போது கடலில் இறங்கலாமா" என்று கேட்பது. அந்த மூன்று மணிதான் நாளிலேயே மோசமான நேரங்களில் ஒன்று. முதலில் கடல், அப்புறம் பிரியாணி.

ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் வேண்டாம் என்று சொல்லவில்லை. நீளமான கடற்கரை, நல்ல மணல், எபேனிலிருந்து எட்டும் தூரம். காற்றில்லாத காலையில் நல்ல இடம். ஆனால் பவளப்பாறையை நோக்கிப் போகக் கூடாது. கரைக்கு இணையாக, விழுந்தால் கால் தரை தட்டும் ஆழத்தில், தெற்கே கொஞ்சம் வடக்கே கொஞ்சம் என்று போய் வாருங்கள். முதல் பாதி காற்றை எதிர்த்து, இரண்டாம் பாதி காற்றோடு. இந்த வரிசையை மாற்றவே கூடாது. வடக்கே மோன் ஷுவாசியும் ட்ரூ ஓ பிஷ்ஷும் இதே குணம்தான், ஆழம் மெதுவாக ஏறுவதால் புதியவர்களுக்கு இன்னும் இதம். கிராண்ட் பேயில் படகுகள் அதிகம். அழகுதான், ஆனால் முதல் நாளில் விசைப்படகின் அலையையும் சமாளிக்க வேண்டியிருக்கும். கிழக்கே பெல் மாரில் தண்ணீர் சிறு சிறு அலையாகக் குலுங்கும், நிற்பது கடினம். ஆனால் காற்று உங்களைக் கரைக்கே கொண்டுவந்து போடும். மண்டி போட்டுப் பழக நினைப்பவருக்கு மிதமான காற்றில் அதுவே பாதுகாப்பான பக்கம் என்று சொல்வேன். பெரும்பாலோர் இதற்கு நேர்மாறாகவே யோசிக்கிறார்கள்.

லெ மோர்ன் படங்களில் பார்த்து மயங்கியிருப்பீர்கள். அந்த மலையைச் சுற்றிக்கொண்டு காற்று திடீர் திடீரென்று பாய்கிறது. உலகமெங்குமிருந்து கைட் சர்ஃபிங் ஆட்கள் அங்கே வருவதே அதற்காகத்தான். அவர்களுக்கு வரம், உங்களுக்கு அல்ல. தமரின் வளைகுடாவில் காலையில் டால்ஃபின் பார்க்கும் படகுகள் வரிசையாகப் போகும், அலையும் எழும். இரண்டாவது ஆண்டில் பார்த்துக்கொள்ளலாம். தெற்கே கிரி கிரி பக்கம் பவள அரண் இல்லை, திறந்த கடல் நேராகப் பாறையில் மோதுகிறது. அங்கே கரையில் நின்று பார்ப்பதோடு சரி. ப்ளூ பே 2000-இல் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம், 2008-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. உள்ளே எங்கே நீந்தலாம், எங்கே படகு போகலாம் என்று மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். பவளத்தின் மேல் நிற்காமல் பலகையைச் செலுத்தத் தெரிந்த பிறகு போனால் நல்லது.

பவளப்பாறையில் ஆங்காங்கே இருக்கும் இடைவெளிகளை இங்கே 'பாஸ்' என்பார்கள். மீன்பிடிப் படகுகள் அதன் வழியாகத்தான் வெளியே போகும். அது ஏன் ஆபத்து என்று புதிதாக வந்தவர்களுக்கு யாரும் சரியாகச் சொல்வதில்லை. வெளிக்கடல் அலை பாறை மேல் உடையும்போது ஒவ்வொரு அலையும் கொஞ்சம் தண்ணீரை லகூனுக்குள் வாரி ஊற்றுகிறது. அந்தத் தண்ணீர் திரும்பிப் போக வழி அந்த இடைவெளிகள்தான். நிரம்பிய தொட்டியில் ஓட்டை வழியே நீர் பாய்வது மாதிரி அங்கே வெளியே இழுக்கும். நம் தீவில் ஓதத்தின், அதாவது கடல்மட்ட ஏற்ற இறக்கத்தின், வேறுபாடு அதிகமில்லை, பெரிய ஓதத்திலும் சுமார் அரை மீட்டர்தான். அதனால் நீரோட்டம் இருக்காது என்று நினைத்துவிடுவார்கள். ஆகஸ்டை ஒட்டிய இங்கத்துக் குளிர்காலத்தில் தென் பெருங்கடலில் எங்கோ அடித்த புயலின் அலை இங்கே வந்து பாறையில் உடையும் நாளில், ஓதம் எப்படி இருந்தாலும் இடைவெளியில் இழுப்பு கடுமையாக இருக்கும். கரையிலிருந்தே அதைக் கண்டுபிடிக்கலாம்: பாறை நெடுக வெள்ளையாக நுரைக்கும் கோட்டில் ஓரிடத்தில் மட்டும் நுரை இல்லாமல் கருநீலமாக இருக்கும். நீர் அமைதியாகத் தெரிவது அங்கேதான். அந்தப் பக்கமே போகாதீர்கள். எங்கே இருக்கிறது என்று வாடகைக்குக் கொடுப்பவரிடமோ, கரையில் வலை உதறும் மீனவரிடமோ கேட்டுக்கொண்டு இறங்குங்கள். "பாஸ் எங்கே" என்று கேட்டால் கையைக் காட்டுவார்கள்.

இன்னொன்று, வீட்டில் தொங்கும் தமிழ் நாள்காட்டி இங்கேயும் உதவும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வற்றம் அதிகம். அரை மீட்டர்தான் என்றாலும், முழங்கால் அளவே ஆழமுள்ள இடத்தில் அந்த அரை மீட்டர் போனால் பலகையின் அடியில் துருத்தி நிற்கும் ஃபின் என்ற தகடு பவளத்தில் தட்டி நிற்கும். பலகை நிற்கும், நீங்கள் நிற்க மாட்டீர்கள். முன்னால் குப்புறப் போய் விழுவீர்கள். போர்ட் லூயி ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் ஏறும் நேரத்தில் இறங்குவது நல்லது.

பலகைக்கு வருவோம். வாங்காதீர்கள், இப்போதைக்கு. காற்றடைக்கும் பலகை கடையில் பார்க்க எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். எது உங்களுக்குப் பொருந்தும் என்று சிலமுறை ஏறிய பிறகே தெரியும். வாடகைக்கு எடுக்கும்போது "ஆல்ரவுண்ட்" வகை கேளுங்கள். ஏறத்தாழ பத்தரை அடி நீளம், 32 அங்குல அகலம், 6 அங்குலக் கனம். உங்கள் எடை 90 கிலோவைத் தாண்டினால் 33, 34 அங்குல அகலமும் கூடுதல் நீளமும் வேண்டும். குறுகலான, கூர்மூக்குப் பலகையைக் கொடுத்து "இதுதான் வேகம்" என்றால் மறுத்துவிடுங்கள்.

கொடுத்த பலகையைக் கரையிலேயே சோதியுங்கள். நடுவில் முழங்கை ஊன்றி அழுத்தினால் குழி விழக் கூடாது. சரியான அழுத்தம் பெரும்பாலும் 15 பி.எஸ்.ஐ. அளவில் இருக்கும், வால்வின் அருகே எழுதியிருப்பார்கள். பத்துப் பன்னிரண்டோடு அடித்து நிறுத்தியிருந்தால் நடுவில் தொய்ந்து, நிற்கும்போது காலடியில் நெளியும். ஆள் தன்மேல்தான் குறை என்று நினைத்துக்கொள்வார். ஃபின் ஆடாமல் பூட்டியிருக்கிறதா, துடுப்பின் நீளத்தை மாற்றும் பிடி இறுகுகிறதா, பலகையைக் காலோடு கட்டும் கால்கயிற்றின் வெல்க்ரோ தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நண்பரின் பலகையை நீங்களே காற்றடிப்பதாக இருந்தால் வால்வின் நடு ஊசி மேலே நிற்க வேண்டும். அது கீழே அமுங்கியிருக்கும் நிலையில் குழாயைக் கழற்றினால், கால் மணி நேரம் அடித்த காற்று இரண்டு நொடியில் போய்விடும். அடித்த பலகையை நண்பகல் வெயிலில் மணலில் போட்டுவைக்காதீர்கள். உள்ளே காற்று விரிந்து தையலைச் சோதிக்கும்.

வாடகைக்குக் கொடுப்பவர் டூரிசம் அதாரிட்டியின் உரிமம் பெற்றவரா, ஆபத்தென்றால் வந்து இழுத்துவர அவரிடம் படகு இருக்கிறதா என்று கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லாதவரிடம் எடுக்காதீர்கள். கடலோர ஓட்டல்கள் பலவற்றில் படகு, பலகை கொடுக்கும் போட் ஹவுஸ் இருக்கும். அங்கே தங்குபவர்களுக்கு இது பெரும்பாலும் அறை வாடகையிலேயே அடங்கும், மேற்பார்வையும் உண்டு. முடிந்தால் முதல் தடவை ஒரு மணி நேரம் பயிற்சியாளருக்குப் பணம் கொடுங்கள். பலகை வாங்கும் காசில் அது ஒரு துண்டுகூட இல்லை.

இனி கால்கயிறும் லைஃப் ஜாக்கெட்டும். இதில் பேரம் இல்லை. பலகை மிதக்கும், காற்று அதை நீங்கள் நீந்துவதைவிட வேகமாகக் கொண்டுபோகும். கயிறு இல்லாமல் விழுந்தால் அந்தப் பலகையை மறுபடி தொட மாட்டீர்கள். நல்ல நீச்சல்காரருக்கும் இதே விதிதான். லகூனில் கணுக்காலில் கட்டுவது போதும். ஆற்று முகத்துவாரம் மாதிரி ஓட்டமுள்ள இடத்தில் மட்டும் இடுப்பில் கட்டி, இழுத்தால் உடனே அவிழும் வகை வேண்டும். கால்கயிறு எங்காவது சிக்கினால் ஓட்டத்தில் குனிந்து அவிழ்க்க முடியாது. லைஃப் ஜாக்கெட் 50 நியூட்டன் மிதப்பு உள்ள, கை அசைவுக்கு இடம் கொடுக்கும் வகை. தோளைப் பிடித்து மேலே தூக்கினால் காது வரை ஏறக் கூடாது. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், 50 நியூட்டன் என்பது நீந்தத் தெரிந்தவருக்கான உதவி. மயங்கியவரின் முகத்தை அது வானம் பார்க்கத் திருப்பாது. உங்கள் மனைவிக்கு நீச்சல் அவ்வளவாகத் தெரியாது என்கிறீர்கள். அவர் முதலில் ஒரு நீச்சல் குளத்தில் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, தானாக விழுந்து, மூக்கில் தண்ணீர் ஏறாமல் எழுந்து மிதக்கப் பழகட்டும். அது பயமில்லாமல் வரும் வரை பலகையை ஒத்திப்போடுவது நல்லது. உங்களுக்கும் ஐம்பது மீட்டராவது நிதானமாக நீந்த வர வேண்டும்.

ஏறும் முறையை எழுத்தில் சொல்வது அரைகுறைதான், இருந்தாலும் சொல்கிறேன். தொடை வரை தண்ணீர் வந்ததும் பலகையின் நடுக் கைப்பிடிக்கு இருபுறமும் முழங்கால் ஊன்றி மண்டியிடுங்கள். அப்படியே பத்து நிமிடம் துடுப்பு போடுங்கள். யாரும் இதைச் செய்ய மாட்டேன் என்கிறார்கள், நேராக நிற்கவே ஆசை. மண்டியிலிருந்து ஒவ்வொரு காலாகப் பாதம் ஊன்றி எழுங்கள். பாதங்கள் இடுப்பகலம் விட்டு முன்னோக்கி, முழங்கால் சற்று மடங்கி, பார்வை தொலைவில். கீழே பாதத்தைப் பார்த்தால் விழுவீர்கள். எழுந்த உடனே துடுப்பு தண்ணீரில் இருக்கட்டும், அது மூன்றாவது கால். துடுப்பின் நீளம் உங்கள் உயரத்தைவிட ஒரு சாண் கூடுதல். அதன் அகன்ற பகுதி தண்டிலிருந்து சற்றுச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு முன்பக்கம் பார்க்க வேண்டும். கரையில் நின்று பார்த்தால் புதியவர்களில் பாதிப்பேர் அதைத் திருப்பித்தான் பிடித்திருப்பார்கள். மேல் கை எப்போதும் துடுப்பின் உச்சிக் குமிழில். முன்னால் நட்டு, கணுக்கால் வரை இழுத்து, வெளியே எடுங்கள்; இடுப்பைத் தாண்டி இழுத்தால் பலகை திரும்பும், போகாது.

விழுவீர்கள். விழுவதற்கும் முறை உண்டு. பலகையைவிட்டு விலகி, பக்கவாட்டில், உடம்பைப் பரப்பி விழுங்கள். தலைகீழாகப் பாய்வது, நேராகக் காலை ஊன்றிக் குதிப்பது, இரண்டும் இங்கே கூடாது. கீழே பவளம் இருக்கலாம். மறுபடி ஏறும்போது பின்பக்கமாக அல்ல, நடுவில் பக்கத்திலிருந்து கைப்பிடியைப் பிடித்து, கால்களை நீர்மட்டத்துக்கு உதைத்துத் தூக்கி, வயிற்றால் மேலேறுங்கள். இதை ஆழமில்லாத இடத்தில் நாலைந்து முறை வேண்டுமென்றே செய்து பாருங்கள். ஏற முடியாதவர் உள்ளே போகக் கூடாது. நடுவில் காற்று ஏறிவிட்டால் நிற்பதை விட்டு மண்டியிடுங்கள். அதற்கும் முடியாவிட்டால் குப்புறப் படுத்து, துடுப்பை நெஞ்சுக்கடியில் வைத்துக் கையால் தண்ணீரைத் தள்ளுங்கள். அதற்கும் முடியவில்லை என்றால் பலகையை விட்டு நீந்தாமல், மேலேயே இருந்து கையை அசைத்து உதவி கேளுங்கள். பலகை கண்ணுக்குத் தெரியும், ஆளின் தலை தெரியாது.

உடை: பருத்தி வேண்டாம். நனைந்தால் கனக்கும், காற்றில் குளிரும். ஆகஸ்டில் கடல்நீர் 22, 23 டிகிரிதான். விழுந்து எழுந்து காற்றில் நின்றால் பல் கிட்டும். நீளக்கை லைக்ரா சட்டையும் முழுநீள லெக்கிங்ஸும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்தும். குளிர், வெயில், கூச்சம் மூன்றுக்கும் அதுவே பதில். துப்பட்டா, தொளதொள பேன்ட் கூடாது. குளிர்ந்த நீரில் விரல் சுருங்கி மோதிரம் கழன்று போகும், வீட்டில் வைத்துவிடுங்கள். மெட்டி போட்ட காலில் ரப்பர் மாதிரியான நியோப்ரீன் காலணி உரசிப் புண்ணாகும். தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லை என்றால் லைக்ராவுக்குள் போட்டு ஒரு ஊக்கால் உள்பக்கம் குத்திவிடச் சொல்லுங்கள். ஜாக்கெட்டின் வாரில் சிக்காமல் இருந்தால் போதும்.

காலணி கட்டாயம், கெட்டி அடியோடு. சுறாவைப் பற்றிக் கேட்டீர்கள். ரீயூனியனில் 2011-லிருந்து நடந்த தாக்குதல்களுக்குப் பிறகு, 2013-இல் லகூனுக்கும் கண்காணிக்கப்படும் இடங்களுக்கும் வெளியே நீச்சலையும் பலகை விளையாட்டையும் தடை செய்தார்கள். அந்தச் செய்திகளைப் படித்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மொரீஷியஸில் பவளப்பாறைக்கு உள்ளே, ஆழமில்லாத லகூனில் நீங்கள் அஞ்ச வேண்டியது காலடியில் இருப்பதை. கடல் முள்ளெலி ஏராளம். அதைவிட மோசம் கல்மீன். இங்கத்துக் கிரியோல் பேச்சில் லாஃப் என்பார்கள், பாசி பிடித்த கல்லாகவே தெரியும். முதுகு முள் குத்தினால் வலி தாங்க முடியாது. பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், அரை மணி நேரத்துக்குக் குறையாமல் பாதத்தை அமிழ்த்திவைத்து, தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சூடு அந்த விஷத்தின் புரதத்தைக் கெடுத்து வலியைத் தணிக்கிறது. ஒரு ஃப்ளாஸ்கில் வெந்நீர் காரில் இருக்கட்டும்; தேவைப்படாவிட்டால் டீ போட்டுக்கொள்ளலாம். பவளம் கீறிய காயத்தை நல்ல தண்ணீரில் கழுவி மருந்து போடுங்கள், சின்னக் கீறல்கூடச் சீழ் பிடிக்கும்.

சன்ஸ்கிரீன், குளிர்காலம்தானே என்று விட்டுவிடாதீர்கள். நீரிலிருந்து எதிரொளிக்கும் வெயில் மோவாய்க்கு அடியிலும் சுடும். ஜிங்க் ஆக்சைடு வகை வாங்குங்கள். ஆக்சிபென்சோன் பவளத்துக்குக் கேடு என்று ஹவாயில் 2021 முதல் அது கலந்தவற்றைக் கடைகளில் விற்கத் தடை. தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர். கண்ணாடி போடுபவரானால் கழுத்துக் கயிறு. போன் நீர்புகாப் பையில், உங்கள் உடம்பில். பலகையில் கட்டினால் பலகையோடு போகும். போலீஸ் 999, ஆம்புலன்ஸ் சேவையான சமூ 114, இரண்டையும் சேமித்துக்கொள்ளுங்கள். கரையில் ஒருவரிடம் "எட்டரைக்குள் வந்துவிடுவோம், இந்த ஓட்டல் வரைதான் போவோம்" என்று சொல்லிவிட்டு இறங்குங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டு வர வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். வாழைப்பழம் இரண்டு போதும். முதல் நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மறுநாள் தோள் வலிக்கும் என்று எதிர்பார்ப்பீர்கள், பாதமும் தொடையும்தான் வலிக்கும்.

ஆகஸ்ட் தவறினால் வருத்தமில்லை. அக்டோபர், நவம்பரில் காற்று இறங்கி, நீரும் சூடாகத் தொடங்கும். புதியவருக்கு என்னைக் கேட்டால் அதுதான் காலம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை காற்றில்லாத அருமையான காலைகள் கிடைக்கும், கூடவே சைக்ளோனும். முதல் நிலை எச்சரிக்கை வந்தாலே கடலை மறந்துவிட வேண்டும். வானம் தெளிவாக இருந்தாலும் அலை முன்னாலேயே வந்துவிடும்.

மகளைப் பற்றி. முதல் பயணத்தில் வேண்டாம். பலகை இருவரையும் தாங்கும், பிரச்சினை அது இல்லை. குழந்தை திரும்பிப் பார்த்தாலே பலகை ஆடும், உங்களுக்கு இன்னும் விழும் திசையைத் தேர்ந்தெடுக்கத் தெரியாது, விழும்போது துடுப்போ உங்கள் முழங்கையோ அவள் முகத்தில் படலாம். நீங்கள் ஒரு மணி நேரம் விழாமல் போய், திரும்பி, நிறுத்தி, இறங்கப் பழகிய பிறகு, அவளுக்கு எடைக்கேற்ற குழந்தை ஜாக்கெட், இரு கால்களுக்கு நடுவே வார் உள்ள வகையாகப் பார்த்து வாங்குங்கள். நீங்கள் நிற்காமல் மண்டியிட்டு, அவளைக் கைப்பிடிக்கு முன்னால் உட்கார வைத்து, இடுப்பளவு ஆழத்தில் போங்கள். அதுவரை முழங்கால் அளவுத் தண்ணீரில் பலகையை நீங்கள் பிடித்துக்கொள்ள, அவள் அதன் மேல் உட்கார்ந்து கையால் தண்ணீரைத் தள்ளட்டும்.